வெளிநாட்டுப் பாடசாலையில் ஒரு வருடம்: மலையக மாணவரும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து பரிமாற்ற மாணவராக ஒரு கல்வியாண்டு வெளியே போகும் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பும் வீட்டாருக்கும் இது. விசா, விமானச் சீட்டு, தடுப்பூசி எல்லாவற்றையும் அனுப்பும் அமைப்பே சொல்லிக் கொடுக்கும். வகுப்பறைக்குள் கால் வைத்த பிறகு வரும் தடுமாற்றத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் இங்கே பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறோம்.

பரிமாற்ற மாணவர் என்றால் யார்? வெளிநாட்டில் பட்டம் படிக்கப் போவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. இது பாடசாலை வயதுப் பிள்ளை ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அந்த ஊர்ப் பாடசாலையில் ஒரு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்துவிட்டுத் திரும்புவது. வயதுக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். அமெரிக்காவின் ஜே-1 உயர்நிலைப் பாடசாலை மாணவர் விசாவுக்கு, பாடசாலை தொடங்கும் நாளில் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதினெட்டரையைத் தாண்டியிருக்கக் கூடாது. பாலர் வகுப்பைக் கழித்து 11 ஆண்டுகளுக்கு மேல் படித்திருக்கவும் கூடாது. ஆகவே தரம் 11 முடித்தவர் போகலாம், தரம் 12 முடித்தவருக்கு அந்தக் கதவு சாத்தியாயிற்று. ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தில் நீண்டகாலத் திட்டம் ஒரு கல்வியாண்டு. அதில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் மாறி மாறித் தங்க வேண்டிவரும்.

சாதாரண தரத்துக்கு முன் போவதா, பின் போவதா?

பின். சாதாரண தரம் எழுதி முடித்து, உயர்தரம் தொடங்குவதற்கு முன் வரும் இடைவெளிதான் சேதம் குறைந்த நேரம். தரம் 10இல் போனால் இரண்டு வருடப் பாடத்திட்டத்தின் நடுவே ஓட்டை விழும். தரம் 12இன் நடுவே போனால் உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றத் தேவையான 80 வீத வரவு அடிபடும்.

வெளிநாட்டில் படித்த வருடம் உயர்தரத்துக்கு ஈடாகாது. எத்தனை நல்ல புள்ளி எடுத்து வந்தாலும் இங்கே அரச பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பெறுபேறுதான் கணக்கு. இதை வீட்டார் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை திரும்பி வந்ததும் "ஒரு வருசம் வீணாப் போச்சே" என்ற பேச்சு கிளம்பும்.

புறப்படுவதற்கு முன் அதிபரைச் சந்தித்து, திரும்பி வந்ததும் எந்தத் தரத்தில், எந்தப் பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதைக் கடிதமாக வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் போதாது, அதிபர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். வலயக் கல்விக் காரியாலயத்திலும் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள்.

கல்வியாண்டு தொடங்கும் மாதமும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் ஓகஸ்ட், செப்டெம்பர். ஜப்பானில் ஏப்ரல். அவுஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசி.

அங்கே பிள்ளைகள் சிரிப்பும் விளையாட்டுமாக இருக்கிறார்களாமே, படிக்கவே மாட்டார்களா?

முதல் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குச் சொல்வது, "இங்க படிப்பு ரொம்ப லேசு." முதல் பெறுபேறு வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

பாடம் லேசாகத் தெரியலாம். புள்ளி கிடக்கும் இடம்தான் வேறு. நமக்குத் தவணைப் பரீட்சை என்ற ஒரே மூட்டையில் புள்ளி எல்லாம் கட்டப்பட்டிருக்கிறது. பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரம் விடிய விடியப் படித்தால் கரையேறிவிடலாம். அமெரிக்கப் பாடசாலையில் அதே புள்ளி வீட்டுவேலை, வாராந்தச் சிறு வினாத்தாள், செய்முறை அறிக்கை, கட்டுரை, குழுவேலை, இறுதிப் பரீட்சை என்று சிதறிக் கிடக்கும். ஜேர்மனியில் பல பாடங்களில் ஏறத்தாழப் பாதிப் புள்ளி வகுப்பில் வாய் திறந்து பங்கெடுப்பதற்கே போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுவேலைக்கு 20 வீதம் ஒதுக்கிய பாடம் ஒன்று. வீட்டுவேலையை ஒருநாளும் ஒப்படைக்காத பிள்ளை மற்ற எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் முடிவில் 80தான். அமெரிக்காவில் ஏ தர எல்லை பொதுவாக 90. எங்கள் பிள்ளைகளுக்கு 75 எடுத்தால் ஏ என்ற பழக்கம். அங்கே 75 சி.

ஆகவே முதல் வாரம் ஒவ்வொரு ஆசிரியரும் கொடுக்கும் பாட விவரத் தாளை எறிந்துவிடாதீர்கள். எதற்கு எத்தனை வீதம், பிந்தி ஒப்படைத்தால் எவ்வளவு வெட்டு, தவறவிட்ட வினாத்தாளை மீண்டும் எழுதலாமா என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அந்த வீதங்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கொடுப்பது என்பது தானாகத் தெரியும்.

சிரிப்பும் விளையாட்டும் பற்றி ஒன்று. மாலை மூன்று மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகள் டியூசன் வகுப்புக்கு ஓடுவதில்லை. உதைபந்தாட்டம், வாத்தியக்குழு, கடையில் பகுதிநேர வேலை என்று போகிறார்கள். இரவு பத்து மணிக்கு அறைக்குள் இருந்து அவர்கள் எழுதும் கட்டுரை உங்கள் கண்ணில் படாது.

வகுப்பில் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்?

நமது தேர்ச்சி அறிக்கையில் "அமைதியான பிள்ளை" என்பது பாராட்டு. அதே அமைதியை அங்கே ஆசிரியர் வேறு விதமாக வாசிப்பார்: மொழி விளங்கவில்லை, அல்லது கொடுத்ததை வாசித்து வரவில்லை, அல்லது ஆர்வமே இல்லை. அடக்கம் என்ற வாசிப்பு அவருக்குத் தோன்றுவது அபூர்வம்.

இதற்கு அடியில் ஒரு பழக்கம் இருக்கிறது. சேர் பாடத்தை முடித்து "வெளங்கிச்சா?" என்று கேட்பார். நாற்பது பேரும் ஒரே ராகத்தில் "வெளங்கிச்சு சேர்" என்போம். அது கேள்வியும் அல்ல, பதிலும் அல்ல. பாடம் முடிந்ததற்கு அடிக்கும் மணி. வெளிநாட்டு வகுப்பில் அதே கேள்வி வரும்போது பழக்கத்தில் தலையாட்டிவிடாதீர்கள். அவர் நிஜமாகவே கேட்கிறார். நீங்கள் ஆம் என்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடுவார், மீண்டும் திரும்பி வரமாட்டார்.

பழகும் வழி இது. முந்திய இரவு அடுத்த நாள் பாடப்பகுதியை வாசித்து, ஒரு கேள்வியும் ஒரு கருத்தும் முழு வாக்கியமாக எழுதி வையுங்கள். பாடம் தொடங்கி முதல் பத்து நிமிடத்துக்குள் கையை உயர்த்துங்கள். கடைசிப் பத்து நிமிடம்வரை காத்திருந்தால் நீங்கள் சொல்ல வைத்திருந்ததை வேறொருவர் சொல்லி முடித்திருப்பார். முதல் வாரம் நாளுக்கு ஒரு தடவை, நாலாவது வாரத்துக்குள் பாடவேளைக்கு ஒரு தடவை என்று இலக்கு வைத்தால் போதும். எழுதியதைப் பார்த்து வாசித்தாலும் குற்றமில்லை.

சறுக்கும் இடங்கள் இரண்டு. இலக்கணம் முழுதும் சரியான வாக்கியம் மனதில் அமையட்டும் என்று காத்திருப்பது ஒன்று. அது அமைவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பதில் சொல்ல எழுந்து நிற்பது மற்றது. பல நாடுகளில் உட்கார்ந்தபடியே பேசுவார்கள். நீங்கள் விறைத்து எழுந்தால் வகுப்பு ஒரு கணம் திகைக்கும், இரண்டு பேர் சிரிப்பார்கள், அதோடு நீங்கள் ஒரு மாதம் வாயைத் திறக்கமாட்டீர்கள்.

ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள். இது மரியாதைக் குறைவு இல்லையா?

பெயர் விஷயத்தில் நாட்டுக்கு நாடு வேறுபாடு. பின்லாந்தில் முதற்பெயரால் அழைப்பது வழக்கம். அமெரிக்காவில் மிஸ்டர், மிஸ் என்று குடும்பப் பெயரோடு சேர்த்து. ஜேர்மனியில் ஹெர், ஃபிராவ் என்று குடும்பப் பெயரோடு, நமது "நீங்கள்" போன்ற "ஸீ" என்ற சொல்லால். அங்கே ஆசிரியரை "டூ" என்றால், அதாவது நமது "நீ" போல, நிஜமாகவே மரியாதைக் குறைவு. வெறும் "சேர்", "டீச்சர்" என்று கூப்பிட்டாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள், கொஞ்சம் விசித்திரமாகப் படும், அவ்வளவுதான்.

எதிர்ப்பேச்சு வேறு விஷயம். அங்கே எதிர்க்கப்படுவது கருத்து, ஆள் அல்ல. அதற்கும் ஒரு முறை உண்டு: ஆசிரியர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லிவிட்டு, அது பொருந்தாத ஓர் உதாரணத்தை வைத்துவிட்டு, "இதை எப்படி எடுத்துக்கொள்வது?" என்று முடிப்பது. "நீங்கள் சொன்னது பிழை" என்று முகத்துக்கு நேரே சொன்னால் எந்த நாட்டு ஆசிரியருக்கும் முகம் சுருங்கும். ஆசிரியர் மேசையில் ஏறி உட்காருவதையும் மாணவர் போத்தலில் தண்ணீர் குடிப்பதையும் பார்த்து அங்கே ஒழுங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பிந்தினாலும், ஒப்படையைக் குறித்த நாளுக்குக் கொடுக்காவிட்டாலும் அதே ஆசிரியர் எவ்வளவு கறாரானவர் என்பது தெரியவரும்.

பாடமாக்கி அப்படியே எழுதினேன், ஒரு பிழையும் இல்லை. புள்ளி ஏன் குறைந்தது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நம்மூர் உதாரணத்தாலேயே சொல்கிறோம்.

வரலாற்றில் நாம் பழகிய கேள்வி: "இலங்கையில் கோப்பிச் செய்கை வீழ்ச்சியடைந்தமைக்கான காரணங்கள் நான்கு தருக." நான்கு வரி எழுதினால் முழுப் புள்ளி. அங்கே அதே பாடம் இப்படி வரும்: "கோப்பி வீழ்ந்ததற்கு இலைநோய் மட்டும்தான் காரணமா? ஆதாரத்துடன் வாதிடுக." நான்கு காரணத்தையும் வரிசையாக எழுதி வைத்தால் பாதிப் புள்ளி கிடைத்தாலே பெரிது, ஏனென்றால் கேட்டது பட்டியல் அல்ல, தீர்ப்பு.

நமக்குத் தெரிந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. கோப்பி இலைநோய் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்ணில் பட்டது 1869. "நோய் வந்தது, கோப்பி செத்தது, அதனால் தேயிலை வந்தது" என்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் வரிசை இங்கேயே இடறுகிறது: தேயிலை மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் நோய் தெரிகிறது. ஹக்கலையில் 1861இலேயே, மலேரியாக் காய்ச்சலுக்குப் பட்டையிலிருந்து மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்துக்கென்று தோட்டம் திறந்திருந்தார்கள். ஆக, மாற்றுப் பயிர் தேடல் நோய்க்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. நோய் செய்தது, ஓரமாக நடந்த பரீட்சார்த்தத்தை ஊர் முழுக்கப் பரவ வைத்ததுதான். பிரேசில் கோப்பி சந்தையில் குவிந்து விலை இறங்கியது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி விழுந்தது. இவையும் சேர்ந்தன.

இதைப் பந்தியாக எழுதும்போது நாலு வேலை நடக்க வேண்டும். முதல் வாக்கியம் உங்கள் நிலைப்பாடு: "இலைநோய் முதன்மைக் காரணம், ஆனால் அது தனியாக நின்று கோப்பியை வீழ்த்தவில்லை." அடுத்தது ஆதாரம், ஆண்டும் இடமும் சேர்த்து. மூன்றாவது, அந்த ஆதாரம் உங்கள் நிலைப்பாட்டை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம். எங்கள் பிள்ளைகள் தவறாமல் விட்டுவிடுவது இதைத்தான். ஆண்டைச் சொன்னாலே போதும், மீதி ஆசிரியருக்குத் தெரியும்தானே என்ற நினைப்பு. தெரியும், ஆனால் உங்களுக்குத் தெரியுமா என்றுதான் அவர் பார்க்கிறார். நாலாவது, எதிர்ப்பக்கத்தின் பலமான வாதம் ஒன்றும் அதற்கு உங்கள் பதிலும்.

பாடமாக்கும் பழக்கம் வீண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்டும் பெயரும் தலைக்குள் இருக்கும் பிள்ளைக்குத்தான் 1867க்குப் பக்கத்தில் 1869ஐ வைத்துப் பார்க்கத் தோன்றும். தேடிப் பார்த்து எழுதுபவருக்கு அந்த முரண் கண்ணிலேயே படாது.

புத்தகத்தில் உள்ளபடி எழுதியதைக் களவு என்கிறார்களே?

இங்கே பாடநூல் வாக்கியத்தை அப்படியே எழுதுவது திறமை. அங்கே மேற்கோள் குறியும் மூலத்தின் பெயரும் இல்லாமல் எழுதினால் களவு. பல பாடசாலைகள் ஒப்படைகளை டர்னிட்டின் போன்ற மென்பொருளில் போட்டுப் பார்க்கும். முதல் தடவை பிடிபட்டால் அந்த ஒப்படைக்குப் பூச்சியம், வீட்டுக்குக் கடிதம். இரண்டாம் தடவை பரிமாற்ற அமைப்புக்கும் தகவல் போகலாம்.

சொல்லை மாற்றினால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய குழி. பாதுகாப்பான வழி: பந்தியை இரண்டு தடவை வாசித்து, புத்தகத்தை மூடி, வேறு தாளில் உங்கள் சொல்லில் எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுவது. கருத்து அவருடையதானால் உங்கள் சொல்லில் எழுதினாலும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும்.

பக்கத்து மேசைப் பிள்ளைக்கு வீட்டுவேலைக் கொப்பியைக் கொடுப்பதும் இதில் அடங்கும். இங்கே அது சிநேகிதம்; கொடுக்காதவர்தான் கெட்டவர். அங்கே கொடுத்தவருக்கும் தண்டனை. விளக்கிச் சொல்லிக் கொடுங்கள், கொப்பியைக் கொடுக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி ஒரே பாடசாலைக்குள்ளேயே ஆசிரியருக்கு ஆசிரியர் விதி மாறும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

விஞ்ஞானச் செய்முறையில் சரியான விடை எழுதியும் புள்ளி வெட்டினார்கள். ஏன்?

"சரியான விடை" என்று எழுதியதால்தான். எளிய ஊசலை எடுத்துக்கொள்வோம். நூல் 1.00 மீற்றர், 20 அலைவுக்கு 40.4 செக்கன். ஒரு அலைவுக்கு 2.02 செக்கன். புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணித்தால் 9.68 வரும். புத்தகத்தில் 9.8. நமது பழக்கம் என்ன செய்யும்? செக்கனைக் கொஞ்சம் "திருத்தி" 9.8ஐ வரவைக்கும். பல பாடசாலைகளில் உபகரணம் ஒரு தொகுதிதான், சேர் செய்து காட்டுவார், நாம் விடையை எழுதிக்கொள்வோம். அதனால் விடை முன்கூட்டியே தெரிந்த ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

அங்கே புள்ளி 9.68க்கும் 9.8க்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிக்குத்தான். எங்கே போனது? நூலை ஊசல்குண்டின் மேல் கொளுக்கிவரைதான் அளந்திருக்கிறீர்கள். குண்டின் மையம்வரை அளக்க வேண்டும். குண்டின் மையம் 1.5 சென்ரிமீற்றர் கீழே என்றால் நீளம் 1.015 மீற்றர். மீண்டும் கணித்தால் 9.82. இதைக் கண்டுபிடித்து எழுதினால் முழுப் புள்ளி. கண்டுபிடிக்காமல் 9.68 என்று நேர்மையாக எழுதி, வழு எங்கிருந்து வந்திருக்கலாம் என்று இரண்டு வரி எழுதினாலும் பெரும்பகுதிப் புள்ளி கிடைக்கும். அழித்து 9.8 ஆக்கினால் கிடைக்காது. செய்முறைக் கொப்பியில் அழிறப்பரைப் பாவிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு வெட்டி எழுதச் சொல்வதும் இதற்காகத்தான்.

கணிதம்?

பெரும்பாலும் முன்னால் நிற்பீர்கள். கல்குலேட்டர் இல்லாமல், மடக்கை அட்டவணையோடு சாதாரண தரம் எழுதிய கை அது. தடுமாற்றம் கல்குலேட்டரில்தான்: வரைபு போடும் வகையை அமெரிக்காவில் வகுப்பிலும் பரீட்சையிலும் பாவிப்பார்கள், பொத்தான் தெரியாமல் நேரம் போகும். முதல் வாரமே ஒன்றை இரவல் வாங்கிப் பழகுங்கள். இன்னொன்று, விடையோடு "ஏன் இந்த முறை" என்று வாக்கியத்தில் எழுதச் சொல்வார்கள். அதை நேர விரயம் என்று தாண்டிப் போகாதீர்கள், அதற்கும் புள்ளி.

தமிழ் மொழிமூலம் படித்தவர். பாடம் தெரியும், சொல் தெரியாது. என்ன செய்வது?

ஒளித்தொகுப்பு தெரிந்த பிள்ளை ஃபோட்டோசிந்தசிஸ் என்ற சொல்லைக் கேட்டுப் புதுப் பாடம் என்று பயப்படும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. விஞ்ஞானம், கணிதம் போன்றவை தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. அலகு வரிசை ஒன்றே. தரம் 10, 11 நூல்களை இரண்டு மொழியிலும் இறக்கி அலகுக்கு அலகு பக்கத்தில் வைத்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு பாடத்தில் 25 சொல். மூன்று மாதத்தில் ஒரு பாடத்துக்கு 300 சொல் சேரும், அது போதும். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காத வீடுகள் உண்டு. டவுனுக்குப் போகும் நாளில் இறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனி, ஜப்பான் போகிறவருக்கு இந்தக் கொப்பி பாதி வேலைதான் செய்யும். மூன்றாவது நிரல் ஒன்றை வெறுமையாக விட்டு வைத்தால் போன இடத்தில் நிரப்பலாம்.

அறிக்கையில் எல்லாப் பாடத்துக்கும் 2 என்று போட்டிருக்கிறது. பிள்ளை தோற்றுவிட்டதா?

ஜேர்மனி என்றால் சந்தோசப்படுங்கள். அங்கே 1 உச்சம், 6 அடி. 2 என்றால் நல்லது. பின்லாந்தில் 4 முதல் 10 வரை, 4 சித்தியின்மை. அமெரிக்காவில் நான்குக்குக் கணக்கிடும் சராசரி.

"எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டால் பதிலே இல்லை.

அறிக்கையில் வகுப்பு நிலையைப் போடும் பழக்கம் பல இடங்களில் கிடையாது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மாணவரின் புள்ளி தனிப்பட்ட தகவல். பெயரோடு சுவரில் ஒட்டவோ வகுப்பில் வாசித்துக் காட்டவோ முடியாது. உங்கள் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளிடம் "எவ்வளவு?" என்று கேட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், சம்பளத்தைக் கேட்டது போல முகம் மாறும். வீட்டார் போனில் கேட்க வேண்டியது வேறு: எந்த ஒப்படை பாக்கி, எந்தப் பாடத்தில் ஆசிரியரிடம் உதவி கேட்டாய். ஜேர்மனிக்கு நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். நம்மூர் இரவு எட்டு மணிக்கு எடுத்தால் பிள்ளை பாடசாலை விட்டு வந்திருக்கும்.

குழுவேலையில் மற்றவர்கள் எங்கள் பிள்ளையிடம் ஒன்றும் கொடுப்பதில்லை.

முதல் ஐந்து நிமிடத்தில் வேலையைப் பங்குபோட்டு முடித்துவிடுவார்கள். "நான் எதைச் செய்யட்டும்?" என்று காத்திருப்பவருக்குத் தலைப்பு எழுதும் வேலை மிஞ்சும். "நான் இதைச் செய்கிறேன்" என்று குறிப்பான ஒன்றைக் கேட்டெடுங்கள்: தரவு, வரைபடம், ஒரு பகுதி. மறுபக்கச் சிக்கலும் உண்டு. நல்ல பிள்ளை என்று எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு முடித்துக் கொடுப்பது. சக மாணவரே ஒருவருக்கொருவர் புள்ளியிடும் வகுப்பில், எல்லாவற்றையும் தானே செய்தவருக்குக் கூட்டுறவில் புள்ளி குறைந்த கதை நிறைய.

எல்லா வெளிநாடும் இப்படித்தானா?

இல்லை. ஜப்பானில் பாடம் தொடங்கும்போது எழுந்து குனிந்து வணங்குவார்கள், வகுப்பறையையும் நடைபாதையையும் மாணவரே கூட்டித் துடைப்பார்கள். மாலையில் ஜுகு என்ற தனியார் வகுப்பு. சிரமதானமும் டியூசனும் பழகிய நம் பிள்ளைக்கு அங்கே வகுப்பு முறை ஒட்டும், எழுத்துத்தான் மலை.

"நீ இலங்கையா, இந்தியாவா?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ஐந்து வாக்கியம் தயாராக வைத்திருங்கள். எங்கள் முன்னோர் 1820களிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைக்கும் கூட்டி வரப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்தது. நான் இலங்கையர், மலையகத் தமிழர்.

ஐந்து நிமிடம் உங்கள் ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் யானை, கடற்கரை என்று போக வேண்டாம். கொழுந்து எடுப்பதைச் சொல்லுங்கள்: இரண்டு இலையும் ஒரு மொட்டும், நிறுவைத் தராசு, குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்த வகுப்பில் இதைத் தன் வீட்டுக் கதையாகச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

பெயரில் ஏன் இத்தனை குழப்பம்?

படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள், நாம் அப்பா பெயரை எழுதுவோம். வகுப்பில் அப்பா பெயரைக் கூப்பிடுவார்கள், பிள்ளை திரும்பிப் பார்க்காது, வரவு ஏட்டில் இல்லை என்று விழும். போவதற்கு முன்பே பாடசாலைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "கடவுச்சீட்டில் முதலில் வருவது என் தந்தையின் பெயர். என்னை இரண்டாவது பெயரால் அழையுங்கள்." பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்து மாறியிருப்பது தோட்டப்புறத்தில் சாதாரணம். அதைப் புறப்படும் மாதத்தில் திருத்தப் பார்க்காதீர்கள், ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

திரும்பி வந்து வகுப்பில் கேள்வி கேட்டால் சேர் கோபிக்கிறாராம்.

கோபத்துக்குப் பாதிக் காரணம் நேரம். உயர்தரப் பாடத்திட்டம் நீளம், அதை முடிக்கும் பொறுப்பு அவர் தலையில். பாடத்தின் நடுவே "அது ஏன் அப்படி?" என்று நிறுத்தினால் வகுப்பின் முன் சோதிக்கிறாய் என்றுதான் எடுத்துக்கொள்வார். கேள்வியைக் கொப்பி ஓரத்தில் எழுதி வைத்து, மணி அடித்ததும் அருகில் போய் "சேர், இந்த எடம் எனக்கு வெளங்கல" என்று கேளுங்கள். அதே கேள்விதான். இப்போது நின்று நிதானமாகச் சொல்லித் தருவார், பல வேளை அடுத்த பாடவேளையில் வகுப்பு முழுக்கவும் சொல்வார்.

எழுத்திலும் கையை மாற்ற வேண்டும். உயர்தரப் பௌதிகவியலில் முதற்பகுதி 50 பல்தேர்வு வினா, இரண்டு மணி நேரம். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் 24 செக்கன். வாதிட்டு எழுதும் பழக்கம் அங்கே எடுபடாது. அமைப்புக் கட்டுரை வினாவுக்கும் புள்ளியிடும் திட்டத்தில் உள்ள சொல் இருந்தால்தான் புள்ளி. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டங்களை எடுத்து, முதல் ஆறு வாரம் கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். விடையைத் திட்டத்தோடு ஒப்பிட்டு, நீங்கள் எழுதியதில் எந்தச் சொல்லுக்குப் புள்ளி விழுந்தது, எது சும்மா நின்றது என்று சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள்.